ஸ்லாட்டில் உட்கார்ந்துவிட்டது, திரை மட்டும் ஏன் கருப்பு?

ஜனவரி 9, மாலை 6:40 (கேள்வி)
பழைய பெட்டியைக் கிளறியதில் ஐந்து கிராபிக்ஸ் கார்டுகள் கிடைத்தன. ஸ்லாட் வகைப்படி பிசிஐ மூன்று, அதற்குப் பின் வந்த பிசிஐ எக்ஸ்பிரஸ் ஒன்று, கிராபிக்ஸுக்கென்றே இருந்த ஏஜிபி ஒன்று. ஏஜிபி செத்துப்போனது, என் பிசியில் போட்டால் திரையே வராது, அதைக் கணக்கில் சேர்க்க வேண்டாம். கூடவே பவர்பிசி சிபியு உள்ள ஒரு பழைய ஆப்பிள் மேக் ஜி4 பெட்டியும், பிசிஐ எக்ஸ்பிரஸ் ஸ்லாட்டோடு ஆர்ம் சிபியு உள்ள ஒரு சின்ன போர்டும் சும்மா கிடக்கின்றன. பிசிஐ எல்லாருக்கும் பொதுவான பஸ், அதாவது கார்டும் சிபியுவும் பேசிக்கொள்ளும் தடம்தானே? பொருந்தினால் ஓட வேண்டியதுதானே? ஏன் ஆளாளுக்கு 'அது மேக் கார்டு, இது பிசி கார்டு' என்கிறீர்கள்?

ஜனவரி 9, இரவு 10:15 (பதில்)
முதல் பாதி சரி, இரண்டாம் பாதி தப்பு. பஸ் பொதுவானதுதான். பிசிஐக்கு முந்தைய விஎல்பி ஸ்லாட்டைப் பார்த்தவர்களுக்கு இந்த அருமை தெரியும். அது கிட்டத்தட்ட இன்டெல் 486 சிப்பின் கால்களையே வெளியே நீட்டி வைத்த மாதிரி, அடுத்த சிப்பான பென்டியம் வந்ததும் கூடவே போய்ச் சேர்ந்துவிட்டது. 1992இல் இன்டெல் கொண்டுவந்த பிசிஐ அப்படி இல்லை. 32 பிட், 33 மெகாஹெர்ட்ஸ், வினாடிக்கு 133 எம்பி. ஆல்ஃபா, பவர்பிசி, ஸ்பார்க், பிஏ-ரிஸ்க் என்று மற்ற சிபியுக்காரர்கள் எல்லாரும் அதை எடுத்துக்கொண்டார்கள். எதிரே உட்கார்ந்திருக்கும் சிபியு யார் என்று கார்டுக்குத் தெரியாது. தன் முகவரி கேட்டால் பதில் சொல்லும், அவ்வளவுதான்.

அதனால் பஸ்ஸைத் திட்டாதீர்கள். கார்டை யார் எழுப்புகிறார்கள் என்பதில்தான் கதை. நாளைக்கு எழுதுகிறேன், தூக்கம் வருகிறது.

ஜனவரி 9, இரவு 11:50
தூக்கம் வரவில்லை.

என் அனுபவத்தையே சொல்கிறேன். பல வருடம் முன்பு எனக்கும் ஒரு பவர்பிசி பெட்டி கிடைத்தது. பிசியிலிருந்து கழற்றிய பிசிஐ கார்டை அதில் போட்டேன். அழகாக உட்கார்ந்தது. விசிறி சுற்றியது. திரை கருப்பு. கேபிளை மாற்றினேன், மானிட்டரை மாற்றினேன், ஸ்லாட்டை மாற்றினேன், கார்டின் தங்க விரல்களை (ஸ்லாட்டுக்குள் போகும் தொடுபட்டைகளை) ரப்பரால் தேய்த்தேன், ஒன்றும் இல்லை. கடைசியில் இன்னொரு கணினியிலிருந்து எஸ்எஸ்எச் போட்டு உள்ளே போனால் லினக்ஸ் ஜம்மென்று ஓடிக்கொண்டிருக்கிறது, எல்எஸ்பிசிஐ என்ற பட்டியல் கட்டளை கொடுத்தால் கார்டின் பெயர், மெமரி முகவரி எல்லாம் வரிசையாக வருகிறது! அதாவது பஸ்ஸுக்கும் கார்டுக்கும் பேச்சுவார்த்தை சுமுகம். கார்டு மட்டும் தூங்குகிறது.

கரண்ட் கொடுத்ததும் கிராபிக்ஸ் கார்டு தானாக எழுந்து படம் காட்டிவிடாது. உன் மெமரி இந்த வகை, கடிகாரத்தை இவ்வளவில் வை, இந்த வாயில் மானிட்டர் இருக்கிறதா பார் என்று ஒவ்வொன்றாக அதற்குச் சொல்லித்தர வேண்டும். அந்தப் பாடம் கார்டிலேயே ஒரு சின்ன ரோம் சிப்பில் இருக்கிறது. எந்த மொழியில் எழுதியிருக்கிறது என்பதுதான் வில்லங்கம். பிசி கார்டில் அது 16 பிட் எக்ஸ்86, அதாவது இன்டெல் வகை சிபியுவின் இயந்திர மொழி. பிசியைத் தொடங்கிவைக்கும் பயாஸ் அதை அப்படியே எடுத்து சிபியுவிடம் கொடுத்து ஓடு என்கிறது. பவர்பிசி சிபியுவுக்கு அது வெறும் குப்பை. பவர் மேக்கிலும் சன் நிறுவனத்தின் கணினிகளிலும் பயாஸின் இடத்தில் இருந்தது ஓப்பன் ஃபர்ம்வேர், ஐஇஇஇ 1275 என்ற எண்ணில் 1994இல் தரநிலையானது. அது எதிர்பார்ப்பது ஃபோர்த் மொழியிலிருந்து வந்த எஃப்கோடு.

பிசிஐ விதியை எழுதியவர்கள் இதை முன்கூட்டியே யோசித்திருக்கிறார்கள். ரோமின் முதல் இரண்டு பைட் 55, ஏஏ. உள்ளே 'பிசிஐஆர்' என்று ஒரு முத்திரை, அதைத் தொட்டடுத்த தகவலில் ஒரு பைட் 'இது என்ன மொழி' என்று சொல்லும். 0 என்றால் பிசி, 1 என்றால் ஓப்பன் ஃபர்ம்வேர், 2 என்றால் பிஏ-ரிஸ்க், பயாஸுக்கு வாரிசாகப் பின்னால் வந்த இஎஃப்ஐக்கு 3. ஒரே ரோமுக்குள் பல மொழிப் பாடங்களை வரிசையாக அடுக்கலாம், விதி தடுக்கவே இல்லை. ஆனால் பிசிக்கு விற்கும் கார்டில் எதற்கு இன்னொரு மொழி, அதற்கு எதற்குப் பெரிய சிப் என்று விட்டுவிட்டார்கள். மேக் கார்டு, பிசி கார்டு என்ற சாதிப் பிரிவினை அங்கே தொடங்கியதுதான். சிலிக்கான் ஒன்றே.

ஜனவரி 10, காலை 7:30
'பஸ் பொதுவானது' என்று நேற்று அடித்துவிட்டதற்குக் கீழே ஒருவர் வோல்டேஜை ஞாபகப்படுத்தியிருக்கிறார். நியாயம். பிசிஐயில் 5 வோல்ட், 3.3 வோல்ட் என்று இரண்டு உண்டு. ஸ்லாட்டின் தடுப்புக் கட்டை எங்கே இருக்கிறது என்று பாருங்கள். கார்டைத் திருகி மாட்டும் பின்பக்கத் தகட்டை ஒட்டி இருந்தால் 3.3, எதிர்முனைப் பக்கம் இருந்தால் 5. கார்டில் இரண்டு வெட்டும் இருந்தால் எங்கேயும் போகும். ஏஜிபியிலும் இதே கூத்துதான். தகட்டுப் பக்கம் கட்டை இருந்தால் 3.3, தள்ளி இருந்தால் 1.5 வோல்ட். பொருந்தவில்லை என்றால் அழுத்தாதீர்கள். தம்பி ஒருவர் 'கொஞ்சம் ராவினால் போய்விடும்' என்று எழுதியிருக்கிறார். ராவினால் போகும், போர்டும் சேர்ந்து போகும்.

ஜனவரி 10, இரவு 9:05
ரோமை மாற்றி எழுதினால் போதாதா என்கிறார்கள். போதும், போதாது. நான் செய்த முட்டாள்தனத்தைக் கேளுங்கள்.

அந்தக் கார்டுக்கே மேக் வடிவமும் இருந்தது, அதன் ரோம் கோப்பு கையில் கிடைத்தது. பிசியில் கார்டைப் போட்டு எழுதினேன். சரிபார்ப்பில் பிழை. மறுபடி எழுதினேன், மறுபடி பிழை. கோப்பு 128 கேபி, என் கார்டின் சிப் 64 கேபி! பிசிப் பாடத்துக்கு 64 தாராளம். மேக் ரோமில் எஃப்கோடு மட்டும் இல்லை, மேக் ஓஎஸ்ஸுக்கான டிரைவரும் (கார்டை இயக்கும் மென்பொருள்) அதற்குள்ளேயே உட்கார்ந்திருக்கும், அதனால்தான் அந்தப் பருமன். பாதி ரோம் எழுதப்பட்ட கார்டு இப்போது மேக்கிலும் வராது, பிசியிலும் வராது.

வழி என்ன? எட்டுக் கால் சிப், எம்25பி05 என்று மேலே எழுதியிருந்தது. அதன் அண்ணன் எம்25பி10, அதே எட்டுக் கால், அதே அளவு உடம்பு, உள்ளே இரண்டு மடங்கு இடம். பழையதை எடுக்க ஒரு பக்கத்து நாலு கால்களிலும் தாராளமாக ஈயத்தை ஊற்றி ஒரே கட்டியாக்கினேன், அது மொத்தமும் உருகியிருக்கும்போது ஊசி முனையால் அந்தப் பக்கத்தை நெம்பினேன், பிறகு மறுபக்கம். புதியதை வைக்கும்போது ஒன்றாம் காலின் புள்ளி எந்த மூலையில் இருக்கிறது என்று மூன்று தரம் பார்த்தும் கை நடுங்கியது. வேறொரு கார்டில் பிசியைப் பூட் செய்து, பக்கத்து ஸ்லாட்டில் இருந்த இதற்கு எழுதி, சரிபார்ப்பு தேறியதும் பவர்பிசியில் போட்டேன். மேக் எழும்போது காட்டும் சாம்பல் திரை வந்தது. அந்தச் சாம்பல் நிறத்தை இவ்வளவு ஆசையாகப் பார்த்தவன் நானாகத்தான் இருப்பேன்.

ஜனவரி 12
வூடூ பற்றி ஒருவர் கேட்டது நல்ல கேள்வி. அவருடைய பிசி வூடூ2 மேக்கில் எந்த சால்டரிங்கும் இல்லாமல் ஓடியதாம், என் கதைக்கு அது முரண் என்கிறார். முரண் இல்லை, அதுதான் அத்தாட்சி. 3டிஎஃப்எக்ஸின் முதல் இரண்டு வூடூக்களும் வெறும் முப்பரிமாண முடுக்கிகள். சாதாரணத் திரையை வேறு கார்டு காட்டும், அதன் கேபிள் வூடூ வழியாக மானிட்டருக்குப் போகும். பூட் நேரத்தில் வூடூவுக்கு வேலையே இல்லை, அதனால் சாதாரணத் திரைக்கான விஜிஏவும் இல்லை, ரோமும் இல்லை. டிரைவர் வந்து எழுப்பும்வரை தூங்கலாம். டிரைவர் எழுத ஆள் இருந்தால் எந்த நாட்டிலும் குடியேறலாம். பாஸ்போர்ட்டே இல்லாதவனை எந்த எல்லையிலும் நிறுத்தவில்லை.

ஜனவரி 13, இரவு
என்னையே திருத்திக்கொள்கிறேன். 9ஆம் தேதி 'பவர்பிசிக்கு எக்ஸ்86 பாடம் குப்பை' என்று எழுதியது மேக்குக்குச் சரி, எல்லாருக்கும் அல்ல. டிஇசி நிறுவனத்தின் ஆல்ஃபா கணினிகள் சாதாரண பிசி கார்டுகளையே ஏற்றன. எப்படி? ஆல்ஃபாவின் ஃபர்ம்வேரான எஸ்ஆர்எம் கன்சோலுக்குள் ஒரு குட்டி எக்ஸ்86 எமுலேட்டர் இருந்தது. கார்டின் ரோமை எடுத்து அந்தப் பொய் சிபியுவில் ஓட்டும், கார்டு ஏமாந்து எழுந்துவிடும்! சின்ன போர்டுகளைத் தொடங்கிவைக்கும் யு-பூட்டிலும் அதே வகை எமுலேட்டர் உண்டு. லினக்ஸில் ஜன்னல்களைத் திரையில் காட்டிய எக்ஸ்ஃப்ரீ86 கூட எக்ஸ்86 அல்லாத கணினிகளில் இதே தந்திரத்தை வைத்துக் கார்டுகளை எழுப்பியது. இன்று ஆர்ம் சர்வர்களின் யுஇஎஃப்ஐயில் (இஎஃப்ஐயின் இன்றைய வடிவம்) எக்ஸ்86-64 ரோமை ஓட்ட எமுலேட்டர் சேர்ப்பதும் அதே பழைய வித்தைதான்.

ஆகவே ரோம் மொழி ஒரு சுவர் என்கிற மாதிரி நான் சொன்னதைக் கதவு என்று மாற்றிப் படியுங்கள். சாவியை ஃபர்ம்வேர் எழுதுகிறவன் நினைத்தால் வைக்கலாம்.

ஜனவரி 15
திரை வந்துவிட்டால் எல்லாம் சரி என்று நினைத்தேன் அல்லவா. கன்சோலில் சிவப்பும் நீலமும் இடம் மாறியிருந்தன. பவர்பிசி பிக்-எண்டியன், கார்டு லிட்டில்-எண்டியன். ஒரு எண்ணின் பைட்டுகளை எந்த முனையிலிருந்து அடுக்குவது என்ற சண்டை.

ஜனவரி 16
இல்லை. சிவப்பு, நீலம் மாறுவது வேறு வியாதி என்று ஒருவர் சரியாகப் பிடித்துவிட்டார். ஞாபகத்திலிருந்து எழுதியதன் பலன். தாளில் போட்டுப் பார்த்தேன். 32 பிட் நிறத்தில் சிபியு எழுதுவது வெற்று, சிவப்பு, பச்சை, நீலம் என்ற வரிசை. கார்டு படிப்பது நீலம், பச்சை, சிவப்பு, வெற்று. அதனால் சிவப்பு பச்சையாகும், பச்சை சிவப்பாகும், நீலம் யாரும் பார்க்காத வெற்றுப் பைட்டில் விழுந்து காணாமல் போகும். வெள்ளை? மஞ்சள். ஆமாம், இப்போது ஞாபகம் வந்துவிட்டது, கன்சோல் எழுத்தெல்லாம் மஞ்சளாக இருந்தது, நான் மானிட்டர் கேபிளில் ஒரு கால் வளைந்திருக்கிறது என்று நினைத்து அரை மணி நேரம் குனிந்து பார்த்தேன்.

பல கார்டுகளில் இந்த மாற்றத்தைத் தானே செய்துகொள்ளும் வசதி உண்டு, ரேடியான் வரிசையில் உண்டு. டிரைவர் அதை இயக்க வேண்டும், அவ்வளவே. ஆனால் யார் இன்று பிக்-எண்டியனில் சோதிக்கிறார்கள்? பவர்பிசியின் வழியில் வந்த பவர்9 பெட்டிகளிலும் லினக்ஸைப் பெரும்பாலும் லிட்டில்-எண்டியனாகவே ஓட்டுகிறார்கள்.

ஜனவரி 20, நள்ளிரவு
ஆர்ம் போர்டுக்கு வருவோம், கேட்டவர் பொறுமையாகக் காத்திருக்கிறார். இங்கே ரோம் பிரச்சினை பாதி தீர்ந்துவிட்டது. ரேடியான்களில் ஆட்டம்பயாஸ் என்று ஒன்று உண்டு, எழுப்பும் பாடத்தின் முக்கியப் பகுதி எக்ஸ்86 மொழியில் இல்லாமல் தனக்கென ஒரு பைட்கோடில் இருக்கும். லினக்ஸ் டிரைவரே அதைப் படித்து ஓட்டிவிடும், 'கார்டு இன்னும் எழவில்லை, நான் எழுப்புகிறேன்' என்கிற மாதிரி ஒரு வரி பதிவில் வரும். என்விடியா கார்டுகளுக்கான லினக்ஸின் நூவோ டிரைவரும் அவற்றின் ரோமில் உள்ள அட்டவணைகளைப் படித்து அதையே செய்கிறது. ஃபர்ம்வேர் நேரத்தில் திரை வராது, லினக்ஸின் மையமான கெர்னல் வந்ததும் வரும். அதனால் சுலபம் என்று நினைத்தேன்.

முதல் அடி முகவரியில் விழுந்தது. கார்டு தன் மெமரியைக் காட்ட ஒரு முகவரி ஜன்னல் கேட்கும், அதற்குப் பெயர் 'பார்' (பிஏஆர்). வழக்கமாக 256 எம்பி. என் சின்ன போர்டின் பிசிஐ எக்ஸ்பிரஸ் பகுதிக்கு ஒதுக்கியிருந்த இடமே அதைவிடக் குறைவு. பதிவில் 'பார் 0, இடமில்லை' என்று வந்தது. போர்டின் வன்பொருள் விவரக் கோப்பான டிவைஸ் ட்ரீயைத் திருத்தி இடத்தைப் பெரிதாக்கினேன், போனது.

இரண்டாவது அடிதான் உண்மையான அடி. டிரைவர் ஏறியது, திரை ஒரு கணம் மின்னியது, கெர்னல் விழுந்தது. எக்ஸ்86இல் எந்த முகவரியிலும் எத்தனை பைட் வேண்டுமானாலும் எழுதலாம், அது முணுமுணுக்காமல் செய்துவிடும். ஆர்மில் சாதன மெமரி என்று குறித்த இடத்தில் நாலு பைட்டைக் கோணலான, அதாவது நாலால் வகுபடாத முகவரியில் எழுதினால் நேரே பிழை. மெமரியை நகலெடுக்கும் மெம்காப்பி மாதிரி அப்பாவி வேலை அங்கே போய் மாட்டுகிறது. சரி, அதற்கும் பேட்ச் இருந்தது, போட்டேன்.

அப்புறம் மூன்றாவது. கார்டு ராமிலிருந்து தானே தரவை எடுக்கும்போது, சிபியு எழுதியது இன்னும் ராமுக்குப் போகாமல் அதன் உள் நினைவகமான கேஷிலேயே இருக்கிறதா என்று எக்ஸ்86இல் வன்பொருளே பார்த்துக்கொள்ளும். மலிவான ஆர்ம் சிப்புகள் பலவற்றில் பிசிஐ எக்ஸ்பிரஸ் பக்கம் அந்தக் கவனிப்பு இல்லை. கார்டு பழைய தரவைப் படிக்கும், கட்டளை வரிசை குழம்பும், தொங்கும். டிரைவர் எழுதியவர்கள் மனதில் எக்ஸ்86 மட்டும் இருந்திருக்கிறது, அவர்களைக் குற்றம் சொல்ல முடியாது, சோதிக்க அவர்களிடம் இருந்தது அதுதான். ராஸ்பெரி பை கம்ப்யூட் மாட்யூல் 4 வந்த 2020 முதல் இதோடு மல்லுக்கட்டியவர்கள் நிறையப் பேர். பெரிய ஆர்ம் சர்வர் சிப்பில் இந்தத் தலைவலி குறைவு. ரிஸ்க்-வி என்ற இன்னொரு சிபியு வகையில் சைஃபைவ் நிறுவனம் செய்த அன்மேட்ச்ட் போர்டில் ரேடியான் ஓடுவது தெரிந்ததுதான்.

என் போர்டில் கடைசிவரை மவுஸ் அம்பு ஒன்று மட்டும் வந்தது. அசைந்தது. பின்னணி வரவில்லை. அதோடு மூடி வைத்துவிட்டேன்.

ஜனவரி 21
தரவு போக ஒரு வழி (லேன்) மட்டும் உள்ள ஸ்லாட்டில் 16 வழிக் கார்டு போகுமா? போகும். இரு பக்கமும் பேசி, இருக்கிற வழிகளுக்கு இறங்கி வரும், அது பிசிஐ எக்ஸ்பிரஸின் பிறவிக் குணம். முனை திறந்த ஸ்லாட் என்றால் அப்படியே செருகலாம். வேகம்தான், இரண்டாம் தலைமுறையில் ஒரு வழி வினாடிக்கு 500 எம்பி. கரண்டையும் மறக்காதீர்கள், 16 வழி ஸ்லாட் 75 வாட் வரை தரும், ஒரு வழி ஸ்லாட்டில் அதை எதிர்பார்க்க முடியாது. கார்டை ஸ்லாட்டிலிருந்து தள்ளி வைக்க உதவும் ரைசர் பலகைகளுக்குத் தனியாக கரண்ட் கொடுப்பது அதனால்தான். ரைசரோடு வரும் நீலக் கேபிளைப் பார்த்து 'யுஎஸ்பியில் கிராபிக்ஸ் கார்டா' என்று ஒருவர் வாயைப் பிளந்திருக்கிறார். அது யுஎஸ்பி கேபிள்தான், உள்ளே போவது யுஎஸ்பி அல்ல. தவறியும் கணினியின் யுஎஸ்பி வாயில் செருகாதீர்கள்.

பஸ் மாறினாலும் பாலம் போடலாம். பிசிஐ எக்ஸ்பிரஸ் வந்த சமயத்தில் என்விடியாவும் ஏடிஐயும் ஏஜிபிக்கும் அதற்கும் நடுவே பாலச் சிப் வைத்தே கார்டு விற்றார்கள். மென்பொருள் கண்ணுக்கு ஏஜிபி கார்டும் ஒரு பிசிஐ சாதனம்தான், எக்ஸ்பிரஸும் அப்படித்தான். கம்பிகள் மாறின, வீட்டு விலாச முறை மாறவில்லை.

பிப்ரவரி 2
'இப்போதைய மேக்கில் தண்டர்போல்ட் இருக்கிறதே, அதுவும் பிசிஐ எக்ஸ்பிரஸ்தானே' என்ற கேள்விக்கு: ஆமாம். இன்டெல் மேக்குகளில் 2018இல் வந்த ஹை சியரா 10.13.4 முதல் வெளி கிராபிக்ஸ் பெட்டி ஆதரவு இருந்தது. ஆப்பிள் சிலிக்கானில், அதாவது ஆப்பிளின் சொந்தச் சிப் உள்ள மேக்குகளில் கிடையாது. 2023 மேக் ப்ரோவில் ஸ்லாட்டுகளே வரிசையாக இருக்கின்றன, கிராபிக்ஸ் கார்டு மட்டும் போடக் கூடாது. அங்கே வோல்டேஜும் இல்லை, ரோமும் இல்லை, தீர்மானம் மட்டும்தான். அதற்கு சால்டரிங் ராடு உதவாது.

இன்னொரு பக்கம், என்விடியா டூரிங் தலைமுறை முதல் கார்டுக்குள்ளேயே ஜிஎஸ்பி என்று ஒரு ரிஸ்க்-வி மையம் உட்கார்ந்து, முன்பு டிரைவர் செய்த எழுப்பும் வேலைகளைத் தானே செய்கிறது. எக்ஸ்86இலும் ஆர்மிலும் அதே ஃபர்ம்வேர் கோப்புதான். எழுப்ப வருகிறவன் எந்த ஊர்க்காரன் என்ற கேள்வியே மெல்ல மறைகிறது. இது எனக்குப் பிடித்திருக்கிறது, கொஞ்சம் வருத்தமாகவும் இருக்கிறது, அந்த எட்டுக் கால் சிப்பை நினைத்து.

பிப்ரவரி 8
கேட்டவருக்கு: சும்மா செருகிப் பார்ப்பதற்கு முன் ரோமைப் படியுங்கள். லினக்ஸில் அந்தச் சாதனத்தின் சிஸ்எஃப்எஸ் (சாதனங்களைக் கோப்புகளாகக் காட்டும் இடம்) அடைவில் 'ரோம்' என்று ஒரு கோப்பு இருக்கும், அதில் 1 என்று எழுதிவிட்டு அதையே படித்து எடுங்கள். பிசிஐஆர் முத்திரையைத் தேடி, அதிலிருந்து 20 பைட் தள்ளி இருக்கும் மொழி எண்ணைப் பாருங்கள். ஐந்துக்கும் எடுத்து அனுப்புங்கள். ஆமாம், செத்த ஏஜிபிக்கும்தான், பிசிஐ கார்டில் பூட் செய்துவிட்டு.

பிப்ரவரி 11, காலை
வந்துவிட்டது. பிசிஐ மூன்றும் 0. எக்ஸ்பிரஸில் 0, பின்னால் 3, இரண்டாவது பாடத்தின் தலைப்பில் 8664, அதாவது எக்ஸ்86-64. ஆர்ம் என்றால் ஏஏ64 என்று இருந்திருக்கும்.

ஏஜிபி: 1.

அந்தக் கார்டு சாகவில்லை ஐயா. அது மேக் கார்டு. இத்தனை வருடமும் நீங்கள் அதனிடம் தப்பான மொழியில் பேசிக்கொண்டிருந்தீர்கள். ஜி4இல் போடுங்கள். 8எக்ஸ் ஏஜிபி கார்டுகளை ஜி4களில் போடும்போது 3, 11 ஆகிய விரல்கள் மேல் டேப் ஒட்டுவார்கள், ஏனென்றால் ஆப்பிள் தன் ஏடிசி மானிட்டர் வாய்க்காக அந்த இரண்டையும் வேறு வேலைக்கு எடுத்துக்கொண்டது. உங்களுடையது 4எக்ஸ் மேக் கார்டு, டேப் வேண்டாம்.

பிப்ரவரி 11, இரவு 8:20
படம் பார்த்தேன். சாம்பல் திரை! வெள்ளை வெள்ளையாகவே இருக்கிறதா?